ஆடிக்கு வந்த தொட்டி

ஜூலை 21, திங்கள்

என் கைராசியைப் பார்க்க அக்கம்பக்கத்தை நானே கூப்பிட்டு வைத்து இன்று அவமானப்பட்டேன்.

காலையில் கூடத்து மீன் தொட்டியைப் பார்க்கிறேன், அடிமணலில் ஒரு மூலையில் வெல்வெட் துணி விரித்த மாதிரி செக்கச்செவேலென்று ஏதோ படர்ந்திருந்தது. மேலே முத்து முத்தாகக் குமிழிகள். பவளம் முளைத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மாப்பிள்ளை பெரிய விலை கொடுத்து வாங்கி வைக்கிற சங்கதி, மாமனார் கை பட்டதும் இலவசமாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கஸ்பார் அண்ணனைக் கூப்பிட்டேன். வலைக்கடை வைத்திருக்கிறவர், கடலைத் தெரிந்த மனிதர். அவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "வேலு, ஒனக்கு யோகம்தாம்ல. கடலுக்குள்ள முங்கி எடுக்கதை நடுவீட்டுல வெளைய வச்சிட்டியே" என்றார். அவர் மனைவி பிலோ அக்காவும் வந்து தொட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு படம் எடுத்து, "நம்ம வீட்டுப் பவளம்" என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சம்பந்தி வீட்டில் நான்கு பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள்.

ஹைதராபாத்திலிருந்து மாப்பிள்ளை ஒரே வார்த்தை அனுப்பினார். "சயனோ."

பவளத்தின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, "மிக்க நன்றி மாப்பிள்ளை" என்று பதில் போட்டேன்.

"அது பவளம் இல்லை மாமா. அழுக்கு" என்று அடுத்தது வந்தது. கைகூப்பிய நால்வரில் இருவர் தங்கள் கையை அழித்துவிட்டார்கள். நானும் அழிக்கலாம் என்று பார்த்தேன்; எப்படி என்று தெரியவில்லை. பார்கவிதான் அழித்துக் கொடுத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அவரு வேற எதும் கேட்டாராப்பா?" என்றாள்.

பார்கவி என் மகள். தை மாதம் கல்யாணம் ஆகி மதுரைக்குப் போனவள். தலை ஆடிக்கு அவளை அழைத்து வரப் போனேன். புதுப்பெண்ணை ஆடியில் அழைத்து வருவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். கூடவே மூன்றடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும், அதன் மோட்டார், விளக்கு, வாளி, மருந்துக் குப்பிகளும் வேனில் ஏறியது எனக்கு மட்டும்தான். மாப்பிள்ளை நிரஞ்சனைக் கம்பெனியில் ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். "பூட்டின வீட்டுல ரீஃப் டேங்க் இருக்க முடியாது மாமா" என்றார். ரீஃப் என்றால் பவளப் பாறையாம். எங்கள் ஊர்க் கடலில் ஒரு துண்டு பவளம் எடுத்தால் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும். கண்ணாடிக்குள் வைத்தால் அது பொழுதுபோக்கு. கேட்டால் பில் இருக்கிறதாம்.

ஜூலை 22, செவ்வாய்

மாப்பிள்ளை குரல் பதிவு அனுப்பியிருந்தார். பேச்சு இல்லை, பிரசங்கம். சயனோ என்பது பாசியும் இல்லையாம், செடியும் இல்லையாம், ஒருவகைக் கிருமியாம். உலகத்தில் மூச்சு விடக் காற்று இல்லாத காலத்தில் இதுதான் முதன்முதலில் காற்றை உண்டாக்கிக் கொடுத்ததாம். எனக்கு அதன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. அவ்வளவு பெரிய பாரம்பரியத்தில் பிறந்துவிட்டு, தூத்துக்குடியில் என் வீட்டுக் கூடத்தில் வந்து மூக்குச்சளி மாதிரி கிடப்பானேன்?

முதலில் அதை உறிஞ்சி எடுக்க வேண்டுமாம். மெல்லிய குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுத்து, தண்ணீர் வரும்போது சட்டென்று வாளிக்குள் விட வேண்டும். சட்டென்று என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராத விஷயம். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அழுகின சிப்பியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஒரு ருசி. என் மனைவி சொர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காலைல காப்பி குடிச்சாச்சுல்ல, அதுக்குள்ள என்னத்தைக் குடிக்கீய?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பார்கவி குழாயை வாங்கி, கட்டைவிரலால் முனையை அடைத்து, ஒரு சொட்டு வாயில் படாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். கை அவ்வளவு வேகம். கல்யாணத்துக்கு முன்னால் சோற்றுக் கஞ்சி வடிக்கவே கை சுட்டுக்கொள்கிறவள்.

ஜூலை 23, புதன்

திரும்ப வந்துவிட்டது. என் மச்சினனைப் போல, காப்பி நேரத்துக்குச் சரியாக.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தொட்டிக்கு யார் எவ்வளவு தீனி போடுகிறோம் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். அதிகத் தீனி சாப்பிடப்படாமல் அழுகினால் சயனோவுக்குக் கொண்டாட்டமாம். விசாரணை வைத்தேன்.

காலையில் பார்கவி ஒரு சிட்டிகை போடுகிறாள். அது மாப்பிள்ளை கணக்கு. பத்து மணிக்கு நான் ஒரு சிட்டிகை போடுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்து மூடிக்கொண்டு ஒரு உயிர் நிற்கும்போது நான் மட்டும் மிக்சர் தின்ன முடியாது. சாயங்காலம் சொர்ணம் போடுகிறாள். இன்றைக்கு அதற்கும் மேலே. காக்காவுக்கு வைத்த கையோடு வந்து தொட்டியிலும் நாலு பருக்கை சோறு, கொஞ்சம் பருப்பு, வடையில் ஒரு விள்ளல்.

"ஏட்டி, மீனுக்கு யாராவது வடை போடுவாளா?" என்றேன்.

"அமாவாசையன்னைக்கு வீட்டுல இருக்க ஜீவனுக்கு வைக்காம நாம உங்கதா? ஒங்க மாப்பிள்ளை வீட்டுல அப்படிப் பழக்கமோ என்னமோ."

மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. நாள் முழுக்க ஒரே இடத்தில் இடுப்பைக் குலுக்குவது தவிர வேறு ஜோலி கிடையாது. மஞ்சள் மீன் ஒன்று, உப்புக் கம்பெனியில் எனக்கு மேலே இருந்த மேனேஜர் முகம். அதே போல எல்லாருடைய சாப்பாட்டையும் முகர்ந்து பார்க்கும். வடையை அதுதான் தின்றது.

மாலையில் மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். பார்கவி போனின் பின்பக்கக் கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "கீழ இறக்கு. லெஃப்ட். இன்னும் லெஃப்ட். கையை ஆட்டாத." அரைமணி நேரம் இருக்கும். அவர் முகத்தை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவர் எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மஞ்சள் மீனுக்கு மட்டும் அந்தப் பாக்கியம்.

ஜூலை 27, ஞாயிறு

தீனியைக் குறைத்தும் குறையவில்லை. பாறை மேலும் ஏறிவிட்டது. இதற்கு மேல் மறைத்து வைத்துப் பயனில்லை, எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய வாளிகளில் ஒன்றில் வெளிநாட்டு உப்பு இருக்கிறது. அதைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, மானி வைத்து அளந்து, கடல் தயாரிக்க வேண்டுமாம். நான் பிறந்தது தூத்துக்குடி. வேலை பார்த்தது உப்புக் கம்பெனி, மூட்டை எடை போட்டே முதுகு வளைந்தவன். கடல் எங்கள் தெரு முனையிலிருந்து சைக்கிள் மிதித்தால் வந்துவிடுகிற தூரம். என்னிடம் ஒருவர் உப்பை வாளியில் அனுப்பி, கடல் செய்யச் சொல்கிறார்! திருநெல்வேலிக்காரனுக்கு அல்வாவைப் பார்சலில் அனுப்பியது மாதிரி. எனக்கு வந்த இளக்காரத்தில், தொட்டி வந்த மறுநாளே இரண்டு கேன் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் நிஜக் கடலைப் பிடித்து வந்து ஊற்றிவிட்டேன்.

இன்று கஸ்பார் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். "எந்த எடத்துல மோந்த?" என்றார். சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பிலோ அக்கா வெளியே வந்துவிட்டார்கள். "ஏ பிலோ, இவன் ஓடை வந்து கலக்க எடத்துல போயி மோந்துட்டு வந்திருக்காம்டி! ஊர்ச் சாக்கடைய மீனுக்குத் தீர்த்தமா ஊத்தியிருக்கான். நாங்களே அங்க காலைக் கழுவ மாட்டோமே வேலு."

ஆக, என் பவளத்துக்கு ஊரே உரம் போட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்கவியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அவளே, "தெரியும்ப்பா. கேனை மாடில தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கீங்க. கைப்பிடில மணல்" என்றாள்.

"அப்பமே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

ஜூலை 28, திங்கள்

மாப்பிள்ளை தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். குப்பியில் சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். நிறம் வந்ததைப் பார்த்துப் பார்கவி வெளிறிவிட்டாள். எனக்கு அது நல்ல நீலமாகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு அது கெட்ட நீலம். ஏதோ பாஸ்பேட் ஏறிவிட்டதாம்.

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. நான் கண்ணாடி தேய்க்கிற பிரஷ்ஷோடு பக்கத்தில் நின்றேன்.

"திடீர்னு இவ்வளவு ஏற முடியாது. எதையோ ஊத்தி..."

அவர் முடிக்கவில்லை. அதற்குள் பார்கவி, "சாரி. நான்தான். சுத்திகரிச்ச தண்ணி தீர்ந்துபோச்சுன்னு குழாய்த் தண்ணியை ஊத்திட்டேன். சாரி" என்றாள்.

"படிச்சிருக்கேல்ல? எத்தனை தடவை சொல்றது? ஒரு வேலை. உனக்கு இருக்கிறது ஒரே ஒரு வேலை."

"சாரி."

நான் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டேன். அதில் அழுக்கு இருந்தது.

இவள் ஆறாவது படிக்கும்போது பந்தடித்துக் கஸ்பார் அண்ணன் ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்தாள். மன்னிப்புக் கேட்கக் கூட்டிக்கொண்டு போனேன். "பந்து போற வழில வண்டிய யாரு நிப்பாட்டச் சொன்னா மாமா?" என்று அவரிடம் சண்டைக்கு நின்றாள். கடைசியில் அவர்தான் வண்டியைத் தள்ளி நிறுத்தினார். அந்த வாய்க்கு எங்கேயிருந்து இந்த சாரி வந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் மாற்றத்தினால் இருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான். "மாப்ள, அது பார்கவி இல்ல. நான்தான் கடல் தண்ணிய மோந்து ஊத்துனேன். அவளுக்குத் தெரியாது" என்றேன்.

மிகவும் மரியாதையாக, "பரவால்ல மாமா. உங்களுக்குத் தெரியாதுல்ல. அவதான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கணும்" என்றார்.

எவ்வளவு நல்ல மனிதர். மாமனார் மேல் ஒரு சுடுசொல் இல்லை.

இனி ஒரே வழி இருட்டடிப்புத்தானாம். விளக்கை அணைத்து, தீனியை நிறுத்தி, வெளிச்சமே புகாமல் தொட்டியை மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். அதற்கு முன் முடிந்தவரை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு வாளி உப்பில் புதுத் தண்ணீர் செய்து மாற்ற வேண்டும். உப்பைக் கரைத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கம்பெனி ஆட்கள் யாராவது பார்த்தால் என்னைக் கட்டிவைத்து அடிப்பார்கள்.

ஜூலை 30, புதன்

மூடத் துணி தேடினேன். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல கருப்புத் துணி, நான் சபரிமலைக்கு மாலை போடும்போது கட்டுகிற வேட்டி. அதை எடுத்து நாலாக மடித்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன்.

"சாமி வேட்டியைப் போயி மீனுக்குக் கட்டுதீயளே, கூறு இருக்கா ஒங்களுக்கு?" என்றாள் சொர்ணம்.

"அதுவும் விரதம்தாம்டி. தீனி கெடையாதுல்ல."

கஸ்பார் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, கூடத்தில் நின்று கும்பிட்டார். "ஆடிலேயே மாலை போட்டாச்சா? கன்னிசாமியா, குருசாமியா?"

பார்கவி சிரித்தாள். சத்தமாக. வாயைப் பொத்திக்கொள்ளாமல்.

ஜூலை 31, வியாழன்

தொட்டி இருட்டில். பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் மாப்பிள்ளையின் அழைப்பும் இல்லை. நேற்றும் இல்லை.

பார்கவி பிலோ அக்காவோடு பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். இரவு தோசை ஊற்ற ஊற்றச் சாப்பிட்டாள். மாவு தீர்ந்து சொர்ணத்துக்குக் கோதுமை ரவை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அழைப்பு இல்லை. பார்கவி மத்தியானம் கூடத்துத் தரையில் படுத்து, விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்கினாள். எழுப்பப் போன சொர்ணத்தை நான் தடுத்தேன். காரணம் கேட்டாள். மின்விசிறிக் காற்று வீணாகக் கூடாது என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

வேட்டியை அவிழ்த்தோம். மணல் மணலாக இருந்தது. பாறை பாறையாக இருந்தது. அங்கங்கே செத்துப்போன செந்நிறத் தோல் மட்டும், வெயிலில் உரிந்த சுவர்ச் சாயம் மாதிரி. அதையும் உறிஞ்சி எடுத்தோம். நான் கட்டைவிரலை உபயோகித்தேன். வாயில் படவில்லை. என் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட கடைசித் தொழில் இதுவாகத்தான் இருக்கும், யாருக்கும் பயன்படாது.

அலையடிக்கிற மோட்டாரை அந்த மூலையைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். தண்ணீர் அசையாமல் நிற்கிற இடத்தில்தான் அது முதலில் குடி வருமாம். குழுவில் படம் போட்டேன். இந்த முறை யாரும் கைகூப்பவில்லை. அனுபவம்.

பளிச்சென்று ஆனதும் பின்பக்கக் கேமரா திரும்ப ஆரம்பித்துவிட்டது. "கையை ஆட்டாத."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்திரான்னம் நாலு வகை. தொட்டிக்கு ஒரு பருக்கை கூடக் கிடையாது என்று சொர்ணத்திடம் சத்தியம் வாங்கினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மொட்டை மாடியில் நானும் பார்கவியும் மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊறப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஊறுகாய்க் கடை மாதிரி வாடை.

"யப்பா, ஆவணி பொறந்ததும் நான் போயித்தான் ஆகணுமா?" என்றாள்.

"போகாம? தொட்டிய யாரு பாப்பா?" என்றேன். இது மாதிரி சொன்னால் வழக்கமாகச் சிரிப்பாள்.

தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க இந்த சயனோ வந்தா என்ன நடக்கும் தெரியுமாப்பா? திட்ட மாட்டாரு. தொட்டிக்கு முன்னால நாற்காலியைப் போட்டு ஒக்கார வைப்பாரு. 'நீ என்ன தப்புப் பண்ணினேன்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு'ம்பாரு. நான் ஒண்ணொண்ணா சொல்லணும். சரியானது வர்ற வரைக்கும் இல்ல இல்லன்னு தலையை ஆட்டிக்கிட்டே இருப்பாரு. ஒருநாள் மத்தியானம் ஒக்காந்தேன், வெளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எந்திரிக்க விடல. மொதல்ல மீனுக்கு மட்டும்தான் இப்படி. அப்புறம் சாம்பாருக்கு. அப்புறம் நான் ஒங்களுக்குப் போன் பேசுறதுக்கு."

"சரியான பதில் எது?"

"அன்னைக்கு அவரு மனசுல எது இருக்கோ, அதுதான்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "தள்ளி ஒக்காரு மக்கா, வினிகர் கண்ணுல தெறிச்சிரும்" என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொர்ணத்திடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"குடிக்காரா? அடிக்காரா? ஒரு மீன் தொட்டிக்காகப் பிள்ளை வாழாவெட்டியா வந்து ஒக்காருவாளா? ஊருல கேட்டா என்னன்னு சொல்லுவீய, பாசி புடிச்சிருச்சுன்னா?"

அவள் சொல்கிறதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு மாதத்தில் யாருக்கும் யாரையும் தெரிந்துவிடாது. எனக்கும் சொர்ணத்துக்கும் முதல் வருஷம் பேச்சே கிடையாது. அவளுக்கு என் மேல் கோபம் என்று நான் நினைத்தேன், எனக்குக் காது மந்தம் என்று அவள் நினைத்தாள். மனிதன் கொஞ்சம் கறார், அவ்வளவுதான். ஒரு குழந்தை பிறந்தால் தொட்டியை யார் பார்க்கப் போகிறார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவனுக்கு இதற்கு மேல் யோசனை ஓடாது.

சம்பந்தி பேசினார். ஆவணி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, நல்ல நாளாம். மாப்பிள்ளையே வேன் கொண்டுவந்து இரண்டையும் ஏற்றிக்கொள்வாராம். இரண்டையும் என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தொட்டி பளிங்கு மாதிரி இருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சொர்ணம் முறுக்கும் அதிரசமும் சுட்டாள். புதுச் சேலை, வேட்டி, மாப்பிள்ளைக்குச் சட்டைத் துணி எல்லாம் தாம்பாளத்தில் தயார். பார்கவி பெட்டி கட்டினாள். அதாவது சொர்ணம் எடுத்துக் கொடுத்தாள், இவள் வாங்கி வைத்தாள். ஜிப் மாட்டிக்கொண்டது. நான் மெழுகுவர்த்தி தேய்த்துச் சரிசெய்தேன். எனக்கு இந்த மாதிரி வேலைகள் நன்றாக வரும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பத்து மணிக்கு வேன் வந்தது. சொர்ணம் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். மாப்பிள்ளை, "வர்றேன் அத்தை, ஒரு நிமிஷம்" என்று ஆரத்தியைத் தாண்டி உள்ளே போனார். செருப்போடு. பார்கவி கதவு ஓரத்தில் புதுச் சேலையில் நின்றாள். அவளையும் தாண்டினார். டார்ச் எடுத்துத் தொட்டியின் நாலு மூலையிலும் அடித்துப் பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தடவி முகர்ந்தார். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

"நல்லாருக்கு மாமா. நீங்க பக்கத்துல நின்னு சொல்லவும்தான் கத்துக்கிட்டிருக்கா."

நான் சொல்லிக் கொடுத்தேனாம். நான் கற்றுக்கொண்ட லட்சணத்தை அந்தக் குழாயிடம் கேட்க வேண்டும்.

தண்ணீரை இறைத்தோம். பாறைகளை ஒவ்வொன்றாக வாளியில் வைத்தோம். மீன்களை பிளாஸ்டிக் உறையில் பிடித்து, காற்று நிரப்பி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு தெர்மோகோல் பெட்டியில் அடுக்கினார். மஞ்சள் மீன் மேனேஜர் போலவே நழுவி நழுவிக் கடைசியாகத்தான் பிடிபட்டது. நானும் டிரைவரும் தொட்டியைத் தூக்கி வேனில் ஏற்றி, மெத்தை வைத்துக் கட்டினோம். என் முதுகு ஒரு சத்தம் போட்டது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "மாமா, கண்ணாடி!" என்றார்.

பிறகு வாசலில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டே, "கிளம்பு. பெட்டியை எடு. உறையில காத்து ரொம்ப நேரம் தாங்காது" என்றார். அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

பார்கவி நகரவில்லை. "மீனைக் கொண்டுபோங்க. நான் வரல" என்றாள்.

அவருக்குக் காதில் விழவில்லை போலிருந்தது. "என்னது?"

"நான் வரல. என்ன தப்புன்னு நீங்களே ஒக்காந்து கண்டுபிடிங்க."

சொர்ணத்தின் கையில் தாம்பாளம் சாய்ந்தது. அதிரசம் ஒன்று உருண்டு படியில் விழுந்தது. அடுத்து அந்த சாரி வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.

மாப்பிள்ளை அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மாமா, என்ன இது? நீங்க சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கஸ்பார் அண்ணன் மதில் மேலிருந்து பார்த்தார். டிரைவர் பீடியை அணைத்துவிட்டுப் பார்த்தான். நான் மீன் உறைகள் இருந்த பெட்டியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன்.

"காத்து தாங்காதுன்னு சொன்னீங்களே மாப்ள. மதுரை தூரம். கெளம்புங்க."

பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டதால் அவரால் விரல் நீட்டிப் பேச முடியவில்லை. "அப்பாகிட்டப் பேசச் சொல்றேன்" என்றார். "பேசச் சொல்லுங்க" என்றேன். "இது எங்க போய் முடியும்னு தெரியுமா?" என்றார். பட்டம் வாங்கினவருக்கே தெரியவில்லை, என்னைக் கேட்டால்? வேன் போய்விட்டது. தெரு முனையில் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது உள்ளே தண்ணீர் சளக்கென்றது.

சொர்ணம் அதிரசத்தை டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைப் பரணில் வைத்துவிட்டாள். சம்பந்தி மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை எடுத்தேன். என்னை வளர்த்த விதம், நான் வளர்த்த விதம் இரண்டையும் பற்றிச் சொன்னார். நாளைக்கு ஆட்களோடு வருவாராம். வரட்டும். உட்கார நாற்காலி போதாது, கஸ்பார் அண்ணன் வீட்டில் வாங்க வேண்டும்.

சாயங்காலம் பார்கவி கூடத்தைக் கழுவித் துடைத்தாள். தொட்டி இருந்த இடம் இப்போது சும்மா ஒரு சுவர். பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "நீங்க இருந்ததாலதாம்ப்பா எனக்கு வாய் வந்துச்சு. நீங்க அன்னைக்கு மாடியிலேயே முடிவு பண்ணிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"பின்னே?" என்றேன்.

வாசற்படி ஏறும்போது அந்த ஆள் அவளைப் பார்த்து, எப்படி இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானே அவள் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்திருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.